நான்காம் நாள் விழுந்த அடி

மார்ச் 2

மாமா,

தாடை உடைந்து கிடப்பவரிடம் நலமா என்று கேட்டுக் கடிதம் தொடங்க வெட்கமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் அக்கா வைத்துவிடுகிறாள். நீங்களோ பேச முடியாது. ஆறு வாரத்துக்குப் பல்லோடு பல் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் தங்கைதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நேரில் வரலாமென்றால், ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, அக்கா உங்களைக் கூட்டிப் போய்த் தங்கியிருக்கும் உங்கள் தங்கை வீட்டு வாசலில் நிற்பேன், அக்கா கதவைத் திறக்க மாட்டாள். கடிதத்தை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

நான் செய்தது தப்பு. கையில் ஸ்பேனர் இருந்தது அதைவிடத் தப்பு. ஆனால் மாமா, ஏன் அடித்தேன் என்று நீங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டாக்டர் உங்கள் இடது காலைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிப் போச்சு. இனிமே ஒரு சிகரெட் பிடிச்சாலும் முதல்ல விரல் போகும், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி வரைக்கும் போகும்" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்குத் துணையாக நானும் விடுகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பதினாறு வருடப் பழக்கம். மூன்று வெல்டிங் ராடு தீர்ந்தால் ஒரு சிகரெட் என்று கணக்கு வைத்திருந்தவன் நான்.

மூன்று நாள் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். தலைக்குள் யாரோ கிரைண்டரை ஓட விட்டது மாதிரி இருந்தது. லாரிக்காரன் ஹார்ன் அடித்தால் அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. நான்காம் நாள் மத்தியானம், நீங்கள் பெயிண்டும் நான் வெல்டிங்கும் பார்க்கிற நம் லாரி ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் நீங்கள் குந்திக்கொண்டு பிடிப்பதைப் பார்த்தேன். உங்கள் காலைத்தான் நினைத்தேன், அக்காவைத்தான் நினைத்தேன். கண் இருட்டிவிட்டது. உங்கள் நல்லதுக்குத்தான் மாமா அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஜாக்கி நழுவி இரும்பு தெறித்துவிட்டது என்று நான் சொன்னபோது, நீங்களும் தலையை ஆட்டினீர்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்துதான் அவள் என்னிடம் பேசவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் காட்டினால் மனம் இளகுவாள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 7

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை முதலில் உன் அக்காதான் படித்தாள். படித்துவிட்டு என் மடியில் போட்டாள். கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டது. என் தங்கை வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது.

என் நிலவரம் கேட்கவில்லை என்றாய். கேட்காமலே சொல்கிறேன். கீழ்வரிசையில் இடது பக்கம் இரண்டு பல் இல்லை. அந்தச் சந்து வழியாகக் குழாய் வைத்து உறிஞ்சுவதுதான் சாப்பாடு. ஏழு கிலோ இறங்கிவிட்டேன். உன் அக்கா கழுத்தில் கயிறு கட்டி ஒரு கட்டிங் பிளேயரைத் தொங்கவிட்டிருக்கிறாள். டாக்டர் உத்தரவு. எனக்கு வாந்தி வந்தால் மூச்சடைத்துச் சாவதற்குள் கம்பியை வெட்ட வேண்டுமாம். பாத்திரம் கழுவும்போதும் அது அவள் மார்பில் ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ எழுதியதில் ஒரு பாதியைக் காணோம். அதை நான் எழுதுகிறேன், சரியா என்று பார்.

நான் தொட்டிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். அது உண்மை. வெட்கம் கெட்டவன், நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. நீ வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாய். "மாமா, ஒரே ஒரு இழுப்பு" என்றாய். மாட்டேன் என்றேன். "நீயாவது உருப்படுடா" என்று சொல்லிச் சிரித்தும்விட்டேன். நான் சிரித்திருக்கக் கூடாது. மூன்று முறை அடித்தாய். முதல் அடியிலேயே தாடை போய்விட்டது. மற்ற இரண்டும் எதற்கு என்று படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

விழுந்து கிடந்தேன். சிமெண்டுத் தரையில் கன்னம். வாய் நிறைய ரத்தம். கண்ணுக்கு நேரே உன் பூட்ஸ். நீ குனிந்தாய். என்னைத் தூக்கத்தான் குனிகிறாய் என்று கையை நீட்டினேன். நீ என் கையைத் தாண்டிப் போய், ஓரமாகக் கிடந்த சிகரெட்டை எடுத்தாய். நின்றுகொண்டே நான்கு இழுப்பு இழுத்தாய். எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு வேலை இல்லை. அதன் பிறகுதான் என்னைத் தூக்கினாய்.

என் நல்லதுக்கு என்று இன்னொரு முறை எழுதாதே. உன் அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. தம்பி நியாயத்துக்காகக் கை நீட்டினான் என்பதையே அவளால் தாங்க முடியவில்லை. இதையும் சொன்னால் அவளுக்குத் தம்பி என்று ஒருவன் இருக்க மாட்டான்.

மாமா


மார்ச் 12

மாமா,

நான்கு இழுப்பு இல்லை. ஐந்து. கடைசியில் பஞ்சு வரை எரிந்து உதட்டைச் சுட்டது. சுட்ட பிறகும் ஒன்று இழுத்தேன். கீழுதட்டில் இன்னும் பொருக்கு இருக்கிறது. மனைவி கேட்டதற்கு வெல்டிங் பொறி பட்டுவிட்டது என்றேன்.

உங்கள் கடிதம் மடித்து மடித்து நான்காய்க் கிழிந்துவிட்டது. முதல் நாள் உங்கள் மேல் ஆத்திரம் வந்தது, எழுதிவிட்டாரே என்று. ஷெட்டில் நின்ற லாரியின் கதவை எட்டி உதைத்து நசுக்கினேன். பிறகு நானே தட்டி நிமிர்த்தினேன். இரண்டாம் நாள் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாள், நீங்கள் கையை நீட்டியது ஞாபகம் வந்தது. சத்தியமாக அதை மறந்திருந்தேன் மாமா. கை நீண்டது அப்போது எனக்குத் தெரிந்தது. என்னைத் தடுக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

இனி முழுதும் சொல்கிறேன். உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலைக்குள் ஒரு பாக்கெட் காலி. மார்ச் முதல் தேதி மறுபடி விட்டேன். உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதியபோது இரண்டாம் நாள். மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். பாப்பா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். கர்ர் கர்ர் என்று அந்தச் சத்தம். "நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். ஒரு நிமிஷம் கழித்து, நான் பார்க்காதபோது மெதுவாக மறுபடி ஒரு சுற்று சுற்றினாள். ஆறு வயதுக் குழந்தை வேறு என்ன செய்யும்? நாற்காலியைத் தூக்கி வீசினேன். அவள் மேல் இல்லை, அலமாரி மேல். கண்ணாடி சிதறி அவள் பாதத்தில் ஏறிவிட்டது. இரண்டு தையல்.

மனைவி அழவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு தாடை?" என்று கேட்டாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மறுநாள் காலை நான் கிளம்பும்போது பாப்பா வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, இன்னிக்கு சிகரெட் குடிச்சிட்டு வாங்கப்பா" என்றாள். "குடிச்சா கத்த மாட்டீங்கல்ல?"

தெருமுனைக் கடையில் நின்று வாங்கினேன். குழந்தை கேட்டதற்காகப் பிடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு எப்போதும் ஒரு காரணம் அகப்பட்டுவிடுகிறது, பார்த்தீர்களா?

இப்போது ஷெட்டில்தான் படுக்கிறேன். வீட்டுக்கு வர வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். நேற்றிலிருந்து மறுபடி விட்டிருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 18

மாப்பிள்ளை,

நீ உண்மை எழுதியதால் நானும் எழுதுகிறேன்.

நீ உடைத்த பல் சந்து இருக்கிறதே, அதில் சிகரெட் கச்சிதமாக நிற்கிறது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. போன வியாழக்கிழமை கண்டுபிடித்தேன். தங்கை வீட்டு மாடியில் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால். ஊர் மாறினாலும் எனக்குத் தொட்டி மறைவுதான். தினம் இரண்டு. சிரிக்காதே. நான் சிரித்தால் கம்பி ஈறைக் கிழிக்கிறது.

திங்கட்கிழமை உன் அக்கா துணி காயப்போட வந்தாள். நான் மறைக்கப் பார்த்தேன். மறைப்பதென்றால் எங்கே? பல்லுக்கு நடுவில் செருகியிருப்பதை அவசரத்தில் உருவினேன், தீ முனை உள்ளங்கையில் பட்டது. அவள் கத்தவில்லை. என் முன்னால் வந்து குந்தினாள். என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கழுத்தில் தொங்கும் பிளேயரை விரித்து, என் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்தாள்.

"எப்படியும் போகப் போகுது. டாக்டருக்கு எதுக்கு வேலை? நானே வெட்டிடறேன்" என்றாள்.

விளையாட்டில்லை மாப்பிள்ளை. கை இறுகியது. எனக்கு வலிக்கவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தியது. அழுத்தி, தோல் பதிந்து போயிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பிளேயரை எடுத்துவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் நகத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது.

அப்போது அவள் சொன்னதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். "ஒருத்தன் அடிச்சே சாகடிக்கிறான், ஒருத்தர் தானே சாகறார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு இருக்கேன்?"

இன்று சாயங்காலம் டாக்டரிடம் போகிறோம்.

மாமா


மார்ச் 22

இந்தக் கடிதத்துக்கு மாமா என்று கூப்பிட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை.

எதற்கு நான் விட்டேன்? யாருக்காக விட்டேன்? என் வீடு போனது, என் குழந்தை என்னைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள், நான் ஷெட்டில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன். நீங்கள் மாடியில் சொகுசாகப் பல்லில் செருகிப் பிடிக்கிறீர்கள்! முதல் அடியையே ஒழுங்காக அடித்திருக்க வேண்டும். சந்து விழாமல் மொத்தப் பல்லும் போயிருக்கும். செத்துத் தொலையுங்கள். காலோடு போங்கள், ஒவ்வொரு விரலாகப் போங்கள், எனக்கென்ன!

வியாழக்கிழமை ஒரு டிரைவர் ஷெட்டுக்குள் பெயிண்டு தின்னர் டின் பக்கத்தில் நின்று பற்றவைத்தான். வெளியே போ என்றேன். புகையை என் முகத்தில் ஊதினான். அவன் சட்டையைப் பிடித்து லாரிப் பலகையில் மோதினேன். அவன் முட்டியால் என் வயிற்றில் இடித்தான். இரண்டு பேரும் இரும்புத் தூளில் உருண்டோம். என் புருவம் பிளந்தது, அவன் காது கிழிந்தது. பக்கத்து ஷெட் ஆட்கள் வந்து பிரித்தார்கள். பிரித்தபோது நான் அவன் மேல் உட்கார்ந்திருந்தேன். என் கை எங்கே இருந்தது தெரியுமா? அவன் சட்டைப் பையில். பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நான் தேடச் சொல்லவில்லை. அதுவாகத் தேடியது.

கையை வெளியே எடுத்தேன். வெறுங்கைதான். பாக்கெட்டை எடுக்கவில்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும். கிழித்தால் மறுபடி நல்ல பிள்ளை மாதிரி ஒன்று எழுதுவேன். அப்படியே அனுப்புகிறேன்.

டாக்டர் என்ன சொன்னார்?


மார்ச் 26

மாப்பிள்ளை,

இரண்டு விரல். சனிக்கிழமை காலை. தாமதித்தால் பாதம் என்கிறார். தாடைக் கம்பியோடு மயக்கம் கொடுப்பது ஆபத்தாம், அதனால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைப்பார்கள். விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

செத்துத் தொலை என்று எழுதியிருந்தாய். மாடியிலிருந்து இறங்கிய பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். பத்து நாள் ஆகிறது, தொடவில்லை. பெருமை ஒன்றும் இல்லை, பயம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அடிக்கத் தோன்றுகிறது. நேற்று என் தங்கை, "அண்ணா, மனசு வெச்சா முடியும்" என்றாள். டம்ளரை விட்டெறிந்தேன். பால் சுவரெல்லாம் வழிந்தது. அந்த மூன்று அடியில் பின்னால் விழுந்த இரண்டும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்றுதான் சொல்கிறேன். சரி என்று சொல்லவில்லை.

நீ வர வேண்டாம். உன் அக்கா கையில் பிளேயர் இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 9

மாமா,

நான் வந்தேன். உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் வந்து சேர்ந்தேன். அக்கா சொல்லியிருக்க மாட்டாள். நீங்கள் உள்ளே விழித்துக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா அறுவை அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பேச வாயெடுத்தேன், அறைந்தாள். அப்புறம் கையில் இருந்த பையால் அடித்தாள். அதற்குள் உங்கள் எக்ஸ்ரே, மருந்துப் பாட்டில், எல்லாம் இருந்தது. பை அறுந்து எல்லாம் உருண்டது. செருப்பைக் கழற்றி அடித்தாள். புருவத் தையல் பிரிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து என் காலரைப் பிடித்து, "ஏம்மா, யாரு இவன்? திருடனா?" என்றார்.

"என் தம்பி" என்றாள். "விடுங்க. நான் இன்னும் முடிக்கல."

வாட்ச்மேன் விட்டுவிட்டார். என்ன மனிதர்!

அவள் கை ஓய்ந்ததும் சொன்னேன். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "அக்கா, நான் மாமாவைத் திருத்தறதுக்காக அடிக்கல. அந்த சிகரெட் எனக்கு வேணும்னு அடிச்சேன். அவர் கீழ விழுந்ததும் அதை எடுத்துப் பிடிச்சேன்."

அவள் மருந்துப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "தெரியும்" என்றாள்.

"மாமா சொன்னாரா?"

"அவர் சொல்ல மாட்டார். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவிலிருந்து நீ அவரைத் தூக்கிட்டு இறங்கினப்ப உன் வாய்கிட்ட என் மூக்கு இருந்துச்சு. உன் சட்டை பூரா அவர் ரத்தம், வாயில புதுசாப் பிடிச்ச வாசம். எனக்கு அப்பவே கணக்கு புரிஞ்சிடுச்சு."

அவள் பையின் அறுந்த காதை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள். "அடிச்சதுக்கு உன்னை மன்னிச்சிருப்பேன். நல்லதுக்குத்தான் அடிச்சேன்னு வந்து சொன்ன பாரு, அதுதான். அப்பா என்னை அறைஞ்சு இந்தக் காது போச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. உனக்கு ஞாபகம் இருக்காது. ராத்திரி பூரா சீழ் வடிஞ்சுது. காலையில வந்து தலையைத் தடவி, உன் நல்லதுக்குத்தாம்மான்னார். அந்த வார்த்தையை நீ எங்கேருந்துடா எடுத்தே? நாலு வயசுல கேட்டு வெச்சுக்கிட்டியா?"

கதவுக்கு உள்ளே ஏதோ தட்டில் போடுகிற சத்தம் கேட்டது. இரண்டு முறை. இரண்டாவது கேட்டதும் அக்கா என் தோளைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், நகம் இறங்குகிற மாதிரி. பிறகு எடுத்துவிட்டு, "போ. அவர் வெளிய வரும்போது நீ இருக்கக் கூடாது" என்றாள்.

இதோடு நிறுத்தினால் கடிதம் நன்றாக இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் ஒன்று வாங்கினேன். பாதி பிடித்தேன். மீதியை எறிந்தேன் என்று சொல்ல மாட்டேன், பஸ் வந்துவிட்டது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் இல்லை. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பேய் பிடித்த மாதிரி இருந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் குவியலில் போய் அடித்தேன், கை கொப்புளிக்கும் வரை. பாப்பா நேற்று ஷெட்டுக்கு அவள் அம்மாவோடு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று பார்த்தாள். போகும்போது காதைப் பொத்தவில்லை.

வலி எப்படி இருக்கிறது?

மாப்பிள்ளை


ஏப்ரல் 14

மாப்பிள்ளை,

நீ வந்தது எனக்குத் தெரியும். உள்ளே டாக்டர் எலும்பை நறுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே செருப்படிச் சத்தம் கேட்டது. "வெளிய என்ன கலாட்டா?" என்று நர்ஸ் கேட்டார். வாய் கட்டியிருந்ததால் குடும்ப விஷயம் என்று சொல்ல முடியவில்லை.

வலி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இல்லாத விரல்தான் அதிகம் வலிக்கிறது. நேற்று தாடைக் கம்பியை வெட்டினார்கள். வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது. பிசைந்து கொடுத்ததைத் தின்றேன், அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் அப்படியே பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் எத்தனை நாள் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். "இன்னிக்கு ஒரு நாளைத் தாண்டுங்க, நாளையைப் பத்தி நாளைக்குக் கேளுங்க" என்றார். நல்ல டாக்டர்தான், ஆனால் அவரையும் ஒன்று விடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்புகிறோம். நின்று பெயிண்டு அடிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். உட்கார்ந்து எழுத்து எழுதலாம், நம்பர் பிளேட் போடலாம். ஷெட்டுக்கு உன் அக்காவும் வருவாள். கேட்டேன், நீ எதற்கு என்று. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நாற்காலி போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. அவள் போலீசுக்கு ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறாள். ஸ்பேனர், மூன்று அடி, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், ஒன்றுவிடாமல். சாட்சி என்ற இடத்தில் உன் மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள், போன வாரமே தபாலில் போய் வந்துவிட்டது. நேற்று என் முன்னால் நீட்டினாள். நானும் போட்டுவிட்டேன். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

தேதி மட்டும் போடவில்லை.

திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்து வை.

மாமா